ஆறாவது பூச்சு

அஹ்மதிக்குத் தெற்கே, வேலி போட்ட யார்டில்
வாலில்லாமல் நின்றது.
வால் தனியாக, இரண்டு டயர்மேல், பக்கத்தில் கிடந்தது.
"ரவுண்டானாவில் ஏற்றப்போகிறார்கள்,
அலுமினியம் தெரியும்வரை சுரண்டு" என்றார் அபு மிஷாரி.
பூச்சுக்கு இவ்வளவு என்று கூலி.
எத்தனை பூச்சு என்று நான் சொல்ல வேண்டும்,
அவர் நம்ப வேண்டும்.

தூத்துக்குடியில் கப்பல் வயிறு சுரண்டிய கை இது.
கப்பலில் சிப்பி உதிரும், பாசி வழுக்கும்.
இது வறண்ட உடம்பு.
மேலே நீலம்: கடலோரப் போலீஸில் கடைசிக்காலம்.
நீலத்தின் கீழ் வெள்ளை,
கதவில் பாதி அழிந்த சிவப்புப் பிறை.
வெள்ளைக்கு அடியில் மணல் இருக்க வேண்டும்,
போரின் நிறம்.
அதற்குமுன் பச்சை, ஏதோ மழைநாட்டில் பிறந்ததற்கு அடையாளம்.
கடைசியில் பிரைமர் மஞ்சள்.
ஐந்து.

இருக்கைக்கு அடியில் ஒரு பதிவேடு,
பாதியை எலி தின்றிருந்தது.
மிச்சத்தில் கட்டங்கள்:
தேதி, பறந்த மணி, சுமை, குறிப்பு.

தண்ணீர் கேன் அறுபது.
டயர் நான்கு, கடிதப் பை ஒன்று.
வெங்காய மூட்டை. ஜெனரேட்டர். மறுபடி தண்ணீர்.
காயம்பட்டோர் ஆறு, அதில் படுத்தபடி மூன்று.
அதே நாள், அதே பேனா, அடுத்த வரி:
படுத்தபடி மூன்று, இறக்கும் இடம் வேறு,
எடை முன்போலவே.

குறிப்புக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோடு.
ஒரே ஒரு இடத்தில்
'பின்கதவு சாத்தவில்லை. மணல்.'

நஸ்ருல் வெல்டிங் முகமூடியைத் தூக்கிக் கேட்டான்:
இது எத்தனை பேரைச் சுட்டது?
இது சுடாது, சுமக்கும் என்றேன்.
அப்படியானால் லாரி, என்றான்.
அவன் அண்ணன் சிட்டகாங்கில் லாரி ஓட்டுகிறான்.
அவனுக்கு முகமூடி இறங்கிவிட்டது, விஷயம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள்
வெள்ளைக்கும் மணலுக்கும் நடுவே பிளேடு வழுக்கியது.
கறுப்பு.
ஈக்கு இறகு எவ்வளவு கனமோ அவ்வளவு.
பிரஷ் ஓடிய தடமில்லை, ஸ்பிரேயின் புள்ளியில்லை,
மாஸ்கிங் டேப் ஓரமில்லை.
வயிற்றில் குறைவு, முதுகில் அதிகம்.
யாரும் அடிக்காத பூச்சு.

ஆறு என்றேன் அபு மிஷாரியிடம்.
ஏமாற்றுகிறாய் என்ற முகத்தோடு வந்தவர்
விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார், முகர்ந்தார்.
இது பெயிண்ட் இல்லை, என்றார். மழை.

கிணறுகள் எரிந்த வருஷம் அவருக்குப் பத்தொன்பது வயசு.
நண்பகலில் ஹெட்லைட் போட்டு ஓட்டினார்களாம்.
வீட்டில் ஒரு வெள்ளை ஆடு நின்றதாம்.
ஏப்ரலில் அது கறுப்பு ஆடு.
சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் சாம்பல் ஆடு.
பெருநாளுக்குக்கூட வாங்க ஆளில்லை.
"இவைகளை நாங்கள் பார்த்ததே இல்லை," என்று
வயிற்றுத் தகட்டைத் தட்டினார்.
"புகைக்குமேல் சத்தம் மட்டும்.
வருகிறதா, போகிறதா,
தண்ணீரா, ஆளா."
பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து
குடிக்காமல் மூடினார்.

ஆறு என்று எழுதிக்கொண்டு போனார்.
மறுநாள் சீட்டில் அதை அடித்து ஐந்தாக்கியிருந்தது.
கம்பெனிக் கணக்கில் மழைக்குக் காசில்லை, கலாஸ்.

அன்றிரவு கேம்ப்பில்
மூக்குச் சிந்திய கைக்குட்டையில் அதே நிறம்.
யாருடைய பிப்ரவரியோ
முப்பது வருஷம் கழித்து
என் மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தது.
இரண்டு முறை அலசினேன். மூன்றாம் முறை அலசவில்லை.

இப்போது அது ரவுண்டானாவில் நிற்கிறது.
டின்னில் நம்பர் போட்டு வந்த புது மணல் நிறம்.
சுழலக்கூடாதென்று விசிறியை நஸ்ருல் பற்றவைத்துவிட்டான்.
ஷமால் அடிக்கும் நாளில்
பற்றவைத்த இடம் முனகுகிறது,
வேறொன்றுமில்லை.

கம்பெனி பஸ் அதைச் சுற்றித்தான் திரும்பும்.
எல்லோரும் போனில் குனிந்திருப்பார்கள்.
நான் எண்ணிக்கொள்வேன், பழக்கதோஷம்:
பிரைமர் ஒன்று, மணல் இரண்டு.
மூன்றாவது
இன்னும் பெய்யவில்லை.